வடிகாலுக்கு அந்தப் பக்கம் வேறு ஆபீஸ்

பெஞ்சலய்யா எங்கள் வயலுக்கு எலி பிடிக்க வருகிற யானாதிப் பழங்குடிக்காரன். நெல் தூர் கட்டி வரப்பில் வளைகள் தெரிய ஆரம்பித்தால் போதும், ஆள் அனுப்பாமலே பானையும் கையுமாக வந்து நிற்பான். பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி வளைக்குள் புகையை ஊதிக்கொண்டே ஊர்வம்பு முழுவதையும் பேசித் தீர்ப்பான். "அம்மா, உங்க வயல் எலிக்கு ஐயாவ விடத் தொந்தி பெருசு" என்று என் வீட்டுக்காரர் காதுபடவே சொல்வான். அவரும் சிரிப்பார். பெஞ்சலய்யாவின் பெண்டாட்டி சுப்புலு, இடுப்பில் பெண் குழந்தையோடு வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை மெல்லுவாள். கால்வாய்க் கரையில் பனையோலைக் குடிசை போட்டிருந்தார்கள்.

ஒரு வருஷம் பார்த்தால் அந்தக் குடிசை காலியாகக் கிடந்தது. அடுத்த மழையில் ஓலையும் சரிந்தது. எங்கே போனார்கள் என்று கேட்டால் ஊரில் எல்லோரும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்கள். "யானாதிக்காரன் ஒரு எடத்துல நிப்பானா? எங்கயாவது போயிருப்பான்." ஆடு காணாமல் போனால் நாலு ஊருக்குத் தேடுவார்கள். இவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

நாலைந்து வருஷம் கழித்து, இந்தத் தடவை புயல் அடித்து ஓய்ந்த பிறகு, பெரிய வடிகால் கரையில் ஒரு வாத்து மந்தை வந்தது. கரை முழுக்க வாத்து. பின்னால் நீளக் கழியோடு பெஞ்சலய்யா. நான் வயலிலிருந்தே கையை ஆட்டிக் கூப்பிட்டேன். அவன் திரும்பவில்லை. காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று கிட்டத்தில் போனேன்.

"ஏம்ப்பா, ஆளே மாறிட்ட! நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கான்மா" என்றது வேறு ஒரு குரல். கொஞ்சம் தள்ளி மோட்டார்சைக்கிளைச் சாய்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்திருந்தார் பிரம்மய்யா. மந்தைக்குச் சொந்தக்காரர். வடிகாலுக்கு அந்தப் பக்கத்து ஊர். வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், பேச்சில் தேன்.

"சுப்புலு எங்கப்பா?"

"பட்டிக்கிட்ட வலை கட்டிட்டு இருக்காம்மா" என்றார் பிரம்மய்யா.

"பொண்ணு சிட்டெம்மா?"

"என் வீட்டுல வளருதும்மா. சோறு, துணி, எண்ணெய் எல்லாம் என் வீட்டம்மாதான் பாத்துக்குறா. இவங்க கூட இருந்தா சேத்துலதான் கெடக்கும்."

நான் கேட்டதெல்லாம் பெஞ்சலய்யாவை. பதில் வந்ததெல்லாம் மோட்டார்சைக்கிளிலிருந்து. ஓயாமல் பேசுகிற அந்த மனிதன் வாத்துகளைப் பார்த்தபடியே நின்றான்.

மறுநாள் பிரம்மய்யாவின் வண்டி ஊருக்குள் போனதைப் பார்த்துவிட்டு, முட்டை வாங்குகிற சாக்கில் பட்டிக்குப் போனேன். சுப்புலு என்னைப் பார்த்ததும் முதலில் கரையைப் பார்த்தாள். யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"முன்பணம் வாங்கிட்டு வந்ததுல இருந்து நான் வீட்டுப் பக்கம் போகலம்மா. எங்க அண்ணன் செத்ததுக்குப் போகணும்னு அழுதேன். 'ஒருத்தர் போங்க, ஒருத்தர் இருங்க'ன்னாரு. எங்க வீட்டுக்காரரு போய்ட்டு வர்ற வரைக்கும் எனக்கு அரிசி தரல. போனையும் வாங்கி வெச்சிக்கிட்டாரு."

"அடிக்கிறாரா?"

"அடிக்க எதுக்கும்மா? 'போகணுமா, தாராளமாப் போங்க. பொண்ணு எங்கிட்டதான இருக்கா'ன்னு சிரிப்பாரு. அம்புட்டுதான்."

"அவளை எப்பப் பாத்த?"

"போன சங்கராந்திக்குக் காட்டுனாரு. வண்டியில ஒக்கார வெச்சிக் கூட்டிட்டு வந்தாரு. எறக்கல. அப்படியே காட்டிட்டுத் திருப்பிக் கூட்டிட்டுப் போய்ட்டாரு."

பெற்றவளுக்குப் பிள்ளையை வண்டியிலிருந்து இறக்காமல் காட்டுகிறவன் நெற்றியில் குங்குமம் வேறு. நான் முட்டையை வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து கோடேஸ்வர ராவிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோங்குரா பச்சடியைச் சோற்றில் பிசைந்துகொண்டே கேட்டார்.

"கட்டி வெச்சிருக்காங்களா?"

"இல்ல."

"பூட்டி வெச்சிருக்காங்களா?"

"வாத்து மேய்க்கிறவங்களை எங்க பூட்டுறது?"

"சோறு போடுறாங்கல்ல? அப்பறம் என்ன?"

"நம்ம எருமைக்கும்தான் போடுறோம். அதுக்குக் கன்னுக்குட்டிய ஒரு நாளாவது காட்டாம வெச்சிருக்கமா?" என்றேன். அவர் பிசைவதை நிறுத்தினார். ஆனாலும் அடுத்த கவளத்தை உருட்டத்தான் செய்தார்.

எங்கள் பக்கத்தில் எந்த விஷயமானாலும் முதலில் நம்ம ஆளிடம் சொல்வதுதான் வழக்கம். நேராகப் பெரிய ஆபீஸுக்குப் போனால் மரியாதை இல்லை. கிராம வருவாய் அலுவலர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன். கூப்பிட்டு உட்கார வைத்து, காபி கொடுத்து, எல்லாவற்றையும் சொன்னேன். கொத்தடிமை என்றால் சட்டம் இருக்கிறதே, நீங்கள்தானே பார்க்க வேண்டும் என்றேன். அவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு, "பாவம் அண்ணி, கண்டிப்பா பாக்குறேன்" என்றார். பார்த்தார். வீட்டுக்குத் திரும்புகிற வழியிலேயே பிரம்மய்யாவுக்குப் போன் போட்டு, "அண்ணே, உங்க மேல ஒரு பேச்சு வந்திருக்கு. கொஞ்சம் சரி பண்ணிக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்.

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. ஒரு மனிதர் மேல் புகார் போனால், போவதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிவிடுவது எங்கள் ஊர்ப் பண்பாடு. திருடன் வீட்டுக்குப் போலீஸ் போகும்போது கூட, காபி போட்டு வைக்கச் சொல்லிவிட்டுப் போகிற ஊர் இது. மறுநாள் காலையில் இந்தக் கரையில் வாத்தின் இறகுகள்தான் கிடந்தன. மந்தை வடிகாலைத் தாண்டி அந்தப் பக்கம் மேய்ந்துகொண்டிருந்தது.

நீந்தினால் அந்தப் பக்கம் போய்ச் சேர நாலு மூச்சு ஆகாது. ஆனால் வடிகாலுக்கு இந்தப் பக்கம் ஒரு ரெவின்யூ டிவிஷன், அந்தப் பக்கம் வேறு டிவிஷன். வாத்துக்கு அந்த எல்லை தெரியாது. பிரம்மய்யாவுக்கு நன்றாகத் தெரியும்.

அதற்குப் பிறகு நான் பேசிய போன்களை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. உதவி எண் என்று சுவரில் எழுதி வைத்திருப்பதற்குப் போட்டேன். ஒரு பெண் ரொம்பப் பணிவாக, "எந்த ஸ்டேஷன் எல்லைம்மா?" என்றாள். தெரியாது, மந்தை நகர்ந்துகொண்டே இருக்கிறது என்றேன். "நின்னதும் சொல்லுங்கம்மா" என்றாள். எங்கள் வருவாய்க் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ., ஆபீஸுக்குப் பஸ் ஏறிப் போனேன்.

"இப்ப எந்தப் பக்கம் இருக்காங்க?" என்றார் குமாஸ்தா.

"அந்தப் பக்கம்."

"அப்ப அந்தப் பக்கத்து ஆபீஸுலதான் குடுக்கணும்."

அந்தப் பக்கத்து ஆபீஸுக்குப் போனேன். அங்கே வேறு குமாஸ்தா. முகம் மட்டும்தான் வேறு.

"நீங்க எந்த ஊரும்மா?"

"வடிகாலுக்கு இந்தப்... இல்ல, அந்தப் பக்கம்."

"அப்ப உங்க ஆபீஸுலதான் குடுக்கணும்."

"கஷ்டப்படுறவங்க உங்க பக்கம் இருக்காங்க சார்!"

"புகார் அந்தப் பக்கம் இருக்கேம்மா" என்றார். இதைச் சிரிக்காமல் சொன்னார். நான் வீடு வந்து சேர்வதற்குள் மந்தை மறுபடி எங்கள் பக்கம் வந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கி, கரையில் நின்று, வாத்துகளைப் பார்த்துக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவை என்ன பாவம் செய்தன?

உருப்படியாகப் பேசியது ஒரே ஒரு ஆள்தான். இலவச சட்ட உதவி மையத்தில் ஷமீம் என்று ஒரு அம்மா. போனில் நான் சொன்னதை நடுவில் வெட்டாமல் கேட்டாள். கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"வீட்டுக்குப் போக விடல. போனப் புடுங்கிட்டாங்க. புள்ளைய வெச்சிக்கிட்டு ஆட்டி வெக்கிறாங்க. போதும்மா, கட்டிப் போட்டாதான் அடிமைன்னு இல்ல. ஆர்.டி.ஓ. நேர்ல வந்து விசாரிச்சு விடுதலைச் சான்று குடுக்கணும், அது அவரு கடமை. நான் அவரக் கெளப்புறேன். ஆனா நான் ஜீப்ப அனுப்புறப்ப அவங்க அங்க இருக்கணும். எப்படியாவது நிக்க வையுங்க. இன்னொண்ணு, இனிமே யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. உங்க சொந்தக்காரருக்குக் காபி குடுத்தது போதும்."

நிக்க வையுங்களாம்! இரண்டு மனிதர்களை நான் எப்படி நிறுத்தி வைப்பது? கயிறு போட்டா? இரவெல்லாம் புரண்டேன். விடியும்போதுதான் புத்தி வந்தது. மனிதர்கள் வாத்துக்குப் பின்னால் போகிறார்கள். வாத்து இரைக்குப் பின்னால் போகிறது. நான் இரையை நிறுத்தினால் போதும்.

எங்கள் டெல்டாவில் நெல் அறுப்புக்கு முன்னாலேயே அதற்குள் உளுந்து விதைத்துவிடுவோம். அறுப்பு முடிகிறபோது தாளுக்கு நடுவில் உளுந்து முளைத்திருக்கும். அந்த வயலில் வாத்துக்கு இடமில்லை. மிதித்தும் கொத்தியும் நாசம் பண்ணிவிடும். இந்த வருஷம் சுற்றி எல்லோரும் விதைத்துவிட்டார்கள். எங்கள் வயலில் மட்டும் புயல் நெல்லைப் படுக்கப் போட்டு, தண்ணீர் நின்று, உளுந்து விதைக்கவே முடியவில்லை. சேற்றில் நெல்மணி உதிர்ந்து கிடந்தது. நத்தை வேறு. வாத்துக்குக் கல்யாணச் சாப்பாடு. என் வீட்டுக்காரர் தண்ணீரை வடித்து, உழுது, சோளம் போட ஆள் பேசியிருந்தார்.

"தண்ணிய வடிக்காதீங்க" என்றேன்.

"ஏன்? மீன் வளக்கப் போறியா?"

"வாத்து."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சேஷரத்னம், உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு. சோளத்துக்குப் பருவம் தப்பிடும்."

"தப்பட்டும். ஒரு சோளம் போனா அடுத்த சோளம் வரும்."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கோபத்தில் போனாலும் மடையைத் திறக்கவில்லை. அது போதும் எனக்கு.

பிரம்மய்யாவுக்கு ஆள் விட்டேன். வந்தார். அவரை உட்கார வைத்து, நான் இந்த ஜன்மத்தில் பேசாத இனிப்பெல்லாம் பேசினேன். வாத்தை விடுங்க, எரு விழுந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றேன்.

"அன்னைக்கு நீங்கதான் ஏதோ பேசுனதா..." என்று இழுத்தார்.

"பொம்பளைங்க வாயி, எதையாவது பேசும். அதப் போயி பெருசா எடுத்துக்குறீங்களே" என்றேன். சொல்லும்போது நாக்கு கசந்தது. அவர் குடித்த டம்ளரை இரண்டு தரம் தேய்த்தேன்.

மந்தை எங்கள் வயலில் இறங்கியது. ஷமீமுக்குச் சொன்னேன். "நாளைக்கு வர்றாரு" என்றாள். நாளைக்கு அவருக்குக் கலெக்டரோடு வீடியோவில் கூட்டம். அதற்கடுத்த நாள் மந்திரி வருகை. அதற்கடுத்து ஜீப் இருந்தது, டிரைவர் விடுப்பு. ஷமீம் போனிலேயே பல்லைக் கடிப்பது கேட்டது. இங்கே வயலில் நத்தை தீர்ந்துகொண்டிருந்தது. பிரம்மய்யா கரையில் நின்று வடிகாலுக்கு அந்தப் பக்கத்தைக் கண்ணால் அளக்க ஆரம்பித்தார்.

புயலில் நனைந்து முளைவிட்ட நெல், வியாபாரி தொடமாட்டேன் என்று சொன்னது, கொட்டகையில் மூட்டையாகக் கிடந்தது. விடிவதற்குள் அதைக் கூடையில் அள்ளிக்கொண்டு போய்ச் சேற்றில் வீசினேன். இரண்டாம் நாள் என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டார்.

"நம்ம மாப்ளைக்குக் கூட நீ இப்படிப் பரிமாறல."

"மாப்ள வடிகால் தாண்டி ஓடலியே" என்றேன். அவர் முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு கூடையை எடுத்துத் தலையில் வைத்தார்.

ஒரு வழியாக ஜீப் வந்தது. ஆர்.டி.ஓ., அவரோடு ஒரு எழுத்தர், பின்னால் என் கொழுந்தனார், அதாவது அந்தக் காபி குடித்த வருவாய் அலுவலர். ஷமீமை வேறு ஒரு வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்திவிட்டார்கள். என்னிடம் போனில் ஒன்றை மட்டும் மூன்று தரம் சொல்லியிருந்தாள்: முதலாளி இல்லாத இடத்தில் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

சொன்னேன். "சார், தனியாக் கூப்ட்டுக் கேளுங்க."

"எதுக்கும்மா ஒளிவு மறைவு? எல்லார் முன்னாடியும் கேட்டாதான் நியாயம்" என்றார் ஆர்.டி.ஓ. அவரே ஒரு நாற்காலியில். பக்கத்து நாற்காலியில் பிரம்மய்யா. நாற்காலி இரண்டும் என் வீட்டிலிருந்து போனவை. கொழுந்தனார்தான் எடுத்து வந்து போட்டார். பெஞ்சலய்யாவும் சுப்புலுவும் சேற்றுக் காலோடு எதிரே நின்றார்கள்.

"இஷ்டப்பட்டுத்தான வேல செய்றீங்க?"

பெஞ்சலய்யா தரையைப் பார்த்துச் சொன்னான். "ஆமாங்க."

"யாராவது கட்டாயப்படுத்துறாங்களா?"

"இல்லீங்க."

"எழுதிக்கோ" என்றார் எழுத்தரிடம். என்னைப் பார்த்து, பாத்தீங்களா என்பது போல ஒரு பார்வை. எனக்கு அந்த நாற்காலியைப் பிடித்து உருவ வேண்டும் போலிருந்தது. ஆட்டுக்குட்டியைப் புலியின் மடியில் உட்கார வைத்து, சௌக்கியமா என்று கேட்டால் அது வேறென்ன சொல்லும்?

"சார், இவங்க பொண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா, குழந்தைங்க இருக்கா?" என்றார் எழுத்தர், காகிதத்தில் அந்தக் கட்டம் வந்துவிட்டதால்.

பிரம்மய்யா முந்திக்கொண்டார். "ஒரே பொண்ணு சார். டவுன்ல ஹாஸ்டல்ல சேத்து விட்டிருக்கேன். நாந்தான் படிக்க வெக்கிறேன். நாமதான சார் இவங்களை முன்னுக்குக் கொண்டாரணும்?"

"குட்" என்றார் ஆர்.டி.ஓ.

பெஞ்சலய்யா தலையை நிமிர்த்தினான். மந்தையோடு வந்த நாளிலிருந்து அவன் நிமிர்ந்து நான் பார்க்கவில்லை.

"எந்த ஹாஸ்டலுங்க?" என்றான்.

"அப்பறம் பேசிக்கலாம்டா."

"வீட்டுல இருக்கான்னு சொன்னீங்களே?"

"இப்பதாண்டா சேத்தேன். சார் முன்னாடி என்ன பேச்சு? கைநாட்ட வை."

எழுத்தர் மைப்பெட்டியை நீட்டினார். பெஞ்சலய்யா அதைப் பார்த்தான். பிறகு திரும்பி நடந்து போய், வரப்பில் உட்கார்ந்தான். கழியைக் கீழே போட்டான். அவ்வளவுதான் அவன் செய்தது.

வாத்து மேய்க்கிறவன் சும்மா நடப்பதாகத்தான் பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஆனால் அவன் கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் தொண்டையில் ஒரு சத்தம் போடுவான். பா... பா... என்று. குஞ்சிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவை அவை. அது நின்றால் மந்தை மந்தையாக இருக்காது. முதலில் நாலு வாத்து வரப்பேறின. பிறகு நாற்பது. பிறகு மொத்தமும் பக்கத்து வயலில், சுப்பராயுடுவின் இளம் உளுந்தில் இறங்கியது.

சுப்பராயுடு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தியபடியே ஓடி வந்தார். "யோவ் பிரம்மய்யா! எவன் வாத்துய்யா இது? என் உளுந்து போச்சுய்யா!" அவர் கழியால் அடிக்க, அவை சிதறி அடுத்த வயலுக்கும் போயின. அந்த வயல்காரரும் வந்தார். அவரோடு அண்ணன் தம்பிகளும் வந்தார்கள்.

பிரம்மய்யா வரப்பில் ஓடினார். "பா! பா! பா!" என்று கத்தினார். வாத்துகள் மிரண்டு இன்னும் தூரம் போயின. அவருடைய வாத்துகள்தான், மறுக்கவில்லை. அவர் குரல்தான் அவற்றுக்குத் தெரியாது.

"டேய், கூப்புடுடா!" என்று அலறினார்.

பெஞ்சலய்யா காலில் ஒட்டிய சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். பேசியது சுப்புலு. ஆர்.டி.ஓ.வின் முன்னால் வந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"எங்க புள்ளைய இங்க கொண்டாரச் சொல்லுங்க சாமி. கண்ணால பாத்தா அவரு கூப்புடுவாரு. புள்ள மொதலாளிகிட்ட இருக்குன்னுதான் நாங்க எல்லாத்துக்கும் ஆமா போட்டோம். இப்ப எங்க இருக்குன்னே தெரியலியே."

"கேட்டீங்களா சார்? இத எழுதிக்கோங்க!" என்றேன்.

ஆர்.டி.ஓ. நெற்றியைத் துடைத்தார். "பொண்ணு எங்க இருக்கு? உங்க வீட்டுலயா? எந்த ஊரு?"

பிரம்மய்யா ஊரைச் சொன்னார்.

"வடிகாலுக்கு அந்தப் பக்கமா? அது என் டிவிஷன் இல்லையே."

என் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்து அழுத்தினார். மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "நீங்க அங்க போக வேணாம் சார். பொண்ணு இங்க வரட்டும். பொண்ணு வர்றதுக்கு ஆர்டர் வேணுமா?"

ஆர்.டி.ஓ.வுக்குக் கிளம்ப வேண்டும். இரண்டு தரம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் சுப்பராயுடுவின் ஆட்கள் பிரம்மய்யாவின் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். அடிதடி நடக்கும் இடத்தைவிட்டுப் பெரிய அதிகாரி போனார் என்று நாளைக்குப் பேப்பரில் வரும். அதனால் உட்கார்ந்தார். இரண்டு மனிதர்களுக்காக ஒரு நிமிஷம் கூட இல்லாதவர் உளுந்துக்காக உட்கார்ந்தார். உட்காரட்டும், காரணம் எதுவானால் என்ன.

பிரம்மய்யா கிழிந்த சட்டையோடு போனை எடுத்தார். "அந்தப் புள்ளைய வண்டியில ஏத்தி அனுப்பு. இப்பவே!"

"ஹாஸ்டலுக்கா போன் போட்டீங்க?" என்றேன்.

அவருடைய மருமகன்தான் வண்டியில் கூட்டி வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவள் சிட்டெம்மாதானா என்று எனக்கே சந்தேகம். பெரியவர்கள் யாரோ போட்டுக் கழித்த நைட்டியை முழங்காலுக்குக் கீழே வெட்டி மாட்டிவிட்டிருந்தார்கள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். விரல் இடுக்கெல்லாம் சோப்புத்தூள் தின்று வெளுத்திருந்தது. புறங்கையில் காய்ந்த மாவு. ஹாஸ்டலில் இதுதான் பாடம் போலிருக்கிறது.

"சிட்டீ!" என்றாள் சுப்புலு.

பெண் வண்டியிலிருந்து இறங்கினாள். அம்மாவைப் பார்த்தாள், அப்பனைப் பார்த்தாள். ஆனால் ஓடவில்லை. திரும்பி, பிரம்மய்யாவின் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, போவட்டுமா?"

பிரம்மய்யாவின் கவனமெல்லாம் உளுந்து வயலில். அந்தப் பக்கம் பார்த்தபடியே, பழக்கத்தில் சொன்னார். "போ, போ. சீக்கிரமா வந்துரு. பாத்திரமெல்லாம் அப்படியே கெடக்கு."

சொன்ன பிறகுதான் அவருக்குக் காதில் விழுந்தது. எங்களுக்கும். சட்டையைப் பிடித்திருந்தவன் கையை எடுத்தான். என் கொழுந்தனார் தலையைக் குனிந்துகொண்டார். கட்டி வைத்திருக்கிறார்களா, பூட்டி வைத்திருக்கிறார்களா என்று கேட்ட என் வீட்டுக்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சுப்புலு பெண்ணை வாரி எடுத்தாள். இடுப்பில் வைக்கிற வயசு எப்போதோ தாண்டிவிட்டது; கால் தரையில் இழுபட்டது. ஆனாலும் இறக்கவில்லை. பெண் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, நான் எப்பத் திரும்பிப் போவணும்?"

சுப்புலு ஆர்.டி.ஓ.வைப் பார்த்தாள். அங்கிருந்த எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் தொண்டையைக் கனைத்தார்.

"போக வேணாம்மா" என்றார். "நீ யாரும் போக வேணாம்." வார்த்தை கூடக் குழறியது அவருக்கு. பிறகு எழுந்து, ஜீப் பக்கம் நடந்துகொண்டே என்னிடம் சொன்னார். "சரிம்மா. விசாரணை பண்ணிச் சான்று குடுத்துரலாம். திங்கக்கெழம ஆபீஸுக்குக் கூட்டிட்டு வாங்க."

திங்கட்கிழமையாம். இந்த மனிதர்களைப் பார்த்தால் எங்கே முட்டிக்கொள்வது? நான் அவருக்கு முன்னால் ஓடிப் போய் ஜீப்புக்குக் குறுக்கே நின்றேன். என் புடவை முந்தானையால் பானட்டின் மேலிருந்த புழுதியைத் துடைத்தேன்.

"திங்கக்கெழம இவங்க எந்தப் பக்கம் இருப்பாங்களோ சார்" என்றேன். "போக வேணாம்னு இப்ப வாயால சொன்னீங்களே, அத இங்க வெச்சு எழுதிக் குடுங்க."